பெட்ரோல் தீர்ந்த விமானம்... தீராத பாட்டு! - 'ஃப்ரீ பேர்ட்' தந்த பேண்டின் கதை

ராத்திரி தூக்கம் வராமல் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகிறீர்கள். ஒரு போர் விமானம் சர்ரென்று மேலே ஏறுகிறது. பின்னணியில் வெறித்தனமான கிட்டார் சோலோ. அடுத்த ரீலில் ஒரு பூனை ஃப்ரிட்ஜ் மேலிருந்து தாவுகிறது. அதே சோலோ! 'கிங்ஸ்மேன்' முதல் பாகத்தில் அந்த சர்ச் சண்டைக் காட்சி ஞாபகமிருக்கா? அங்கேயும் இதேதான். 'ஜி.டி.ஏ: சான் ஆண்ட்ரியாஸ்' ஆடியவர்கள் கார் ரேடியோவில் இதைக் கேட்டுக்கொண்டே போலீஸிடமிருந்து தப்பித்திருப்பீர்கள்.

பாட்டின் பெயர் 'ஃப்ரீ பேர்ட்'. வெளியான வருடம் 1973. பாடியவர்கள் லினர்ட் ஸ்கினர்ட் என்ற அமெரிக்க பேண்ட்.

கேட்டால் கட்டவிழ்த்துவிட்ட மாதிரி இருக்கும் அந்த சோலோ. உண்மையில், அதில் ஒரு நோட்டைக்கூட அவர்கள் தற்செயலுக்கு விட்டதில்லை. இசையில் அவ்வளவு கறாரான இந்தப் பையன்கள், ஒரே ஒரு விஷயத்தில் 'பார்த்துக்கலாம்' என்று விட்டார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை ரொம்பப் பெரியது. அந்தக் கதைதான் இது.

பி.டி. வாத்தியார் கொடுத்த பெயர்

1964, ஃப்ளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரம். தொழிலாளர் குடும்பங்கள் வாழும் மேற்குப் பகுதி. 16 வயது ரானி வான் ஸாண்ட் பேஸ்பால் ஆடிக்கொண்டிருக்கிறான். அவன் அடித்த பந்து, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாப் பர்ன்ஸ் என்ற பையன்மேல் விழுந்தது. அடிபட்டவனைப் பார்க்க ஓடிவந்ததில் ஆரம்பித்த பேச்சு, இசையில் போய் நின்றது. பாப்புக்கு டிரம்ஸ் தெரியும். அவன் நண்பன் கேரி ராசிங்டனுக்கு கிட்டார். அன்று மாலையே வீட்டு கார் ஷெட்டில் வாசிக்க உட்கார்ந்துவிட்டார்கள். விரைவில் ஆலன் காலின்ஸ் என்ற ஒல்லிப் பையனும், பேஸ் கிட்டாருக்கு லேரி ஜன்ஸ்ட்ரமும் சேர்ந்துகொண்டார்கள். ரானியைத் தவிர மற்றவர்களில் பலருக்கு அப்போது 12, 13 வயதுதான்!

பேண்டுக்குப் பல பெயர்கள் வைத்துப் பார்த்தார்கள். எதுவும் ஒட்டவில்லை. அப்போதுதான் பள்ளியில் ஒரு வில்லன் கிடைத்தார். பி.டி. வாத்தியார் லெனர்ட் ஸ்கின்னர். பையன்கள் முடி வளர்த்தால் அவருக்கு ஆகாது. பள்ளி விதி அப்படி. அதை அவர் அப்படியே அமல்படுத்துவார். பீட்டில்ஸைப் பார்த்து முடி வளர்த்த நம்ம ஆட்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது அவரிடம் மாட்டுவார்கள்.

கடுப்பில் அவர் பெயரையே பேண்டுக்கு வைத்தார்கள். கொஞ்சம் எழுத்தை மாற்றி, 'லினர்ட் ஸ்கினர்ட்'. முதல் ஆல்பத்தின் தலைப்பே, 'இந்தப் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும்' என்ற விளக்கம்தான். செம நக்கல் இல்லையா? பின்னாளில் வாத்தியாரும் இவர்களும் சமாதானமாகிவிட்டார்கள். ஜாக்சன்வில்லில் நடந்த ஒரு கச்சேரியில் பேண்டை மேடையில் அறிமுகப்படுத்தியதே அவர்தான்!

அது என்ன 'சதர்ன் ராக்'?

கறுப்பின மக்களின் ப்ளூஸ், வெள்ளைக் கிராமத்துக் கன்ட்ரி இசை, ராக் அண்ட் ரோல். மூன்றும் பிறந்து வளர்ந்தது அமெரிக்காவின் தென்மாநிலங்களில்தான். 1960-களின் கடைசியில் அந்த ஊர்ப் பையன்கள் இதையெல்லாம் கலந்து, நீளமான கிட்டார் சோலோக்களோடு வாசிக்க ஆரம்பித்தார்கள். 1969-ல் உருவான 'ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட்'தான் இந்தப் பாதையைப் போட்டது. அந்த ரகத்துக்குப் பிறகு ஒட்டிய பெயர்தான் 'சதர்ன் ராக்'.

ஆல்மன் பிரதர்ஸ் மேடையில் எங்கே போவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. ஜாஸ் மாதிரி, வாசிக்கும்போதே உருவாக்குவார்கள். ஸ்கினர்ட் இதற்கு நேர் எதிர். ஆல்பத்தில் கேட்ட சோலோவை மேடையிலும் கிட்டத்தட்ட அப்படியே கேட்கலாம். முன்கூட்டியே எழுதி, மனப்பாடம் செய்து, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சோலோக்கள் அவை. அந்த மெருகு வந்த இடத்துக்குத்தான் இப்போது போகிறோம்.

தகரக் கூரை 'நரக வீடு'

ஊருக்குள் வாசித்தால் அக்கம்பக்கத்தினர் போலீஸைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் ஜாக்சன்வில்லுக்குத் தெற்கே, க்ரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் பக்கத்தில், ஓடைக்கரையில் ஒரு சின்ன வீட்டைப் பிடித்தார்கள். தகரக் கூரை. ஏ.சி கிடையாது. ஃப்ளோரிடா வெயிலில் உள்ளே கொதிக்கும். வைத்த பெயர், 'ஹெல் ஹவுஸ்'. தமிழில் சொன்னால், நரக வீடு.

காலையில் வந்தால் இருட்டும்வரை பயிற்சி. ரானிதான் கேப்டன். குடித்தால் கைநீட்டுவார், கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். பயிற்சிக்கு லேட்டாக வருவது, கவனமில்லாமல் வாசிப்பது இரண்டும் அவரிடம் நடக்காது. ஒரு விசேஷம், ரானி பாட்டு வரிகளைத் தாளில் எழுதிவைக்க மாட்டார். எல்லாம் மண்டைக்குள்தான். மற்றவர்கள் ஒரு ரிஃப்பைத் திரும்பத் திரும்ப வாசிக்க, கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு முழுப் பாட்டோடு எழுந்து வருவார்.

இந்தப் பேண்டில் பெட்டி தூக்க வந்தவர்கூட இசைக்கலைஞர்தான். பில்லி பவல் என்பவர் இவர்களின் கருவிகளை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தார். 1972 வாக்கில் ஒரு பள்ளி விழாவில், இடைவேளையில் அங்கிருந்த பியானோவில் உட்கார்ந்து 'ஃப்ரீ பேர்ட்' பாட்டுக்குத் தானே அமைத்த ஒரு முன்னிசையை வாசித்தார். கேட்டவர்கள் வாயடைத்துப்போனார்கள். ரானி அங்கேயே அவரைப் பேண்டில் சேர்த்துக்கொண்டார்.

ஒரு போன் கால், 5,000 டாலர்

பல இசை நிறுவனங்கள் இவர்களை 'வேண்டாம்' என்று திருப்பி அனுப்பின. 1972-ல் அட்லாண்டாவில், அடிக்கடி அடிதடி நடக்கும் ஒரு பாரில் வாசித்துக்கொண்டிருந்தபோது, ஆல் கூப்பர் கண்ணில் பட்டார்கள். பாப் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டில் ஆர்கன் வாசித்தவர் அவர். எம்.சி.ஏ நிறுவனத்தின்கீழ் புதிதாக ஒரு லேபிள் தொடங்கி, தென்மாநிலத் திறமைகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. ஒருநாள் கூப்பருக்கு ரானியிடமிருந்து போன். வேனை உடைத்து இசைக்கருவிகளைத் திருடிவிட்டார்கள். 5,000 டாலர் வேண்டும். கூப்பர் மறுபேச்சில்லாமல் அனுப்பினார். அந்தப் பணத்தோடு பேண்ட் அவருடையதானது.

1973 ஆகஸ்ட்டில் முதல் ஆல்பம். அதே வருடக் கடைசியில், உலகின் பெரிய பேண்டுகளில் ஒன்றான 'தி ஹூ' குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இவர்களுக்கு முதல் நிகழ்ச்சி. பார் மேடையிலிருந்து நேராக ஸ்டேடியம் மாதிரியான அரங்குகளுக்கு!

'ஃப்ரீ பேர்ட்' எப்படிப் பறந்தது?

இந்தப் பாட்டின் மெட்டு ஆலன் காலின்ஸிடம் ரொம்ப நாளாகச் சும்மா கிடந்தது. 'இதில் கார்ட் மாற்றம் ரொம்ப அதிகம், வரி உட்காராது' என்று ரானி தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். காலின்ஸின் காதலி கேத்தி ஒருநாள் அவரிடம் கேட்ட ஒரு கேள்விதான் பாட்டின் முதல் வரியானது. நாளைக்கே நான் போய்விட்டால் என்னை நினைத்துக்கொள்வாயா என்பதுதான் அந்தக் கேள்வியின் சாரம்.

ஆரம்பத்தில் கடைசி சோலோ நீளமாக இல்லை. பார்களில் ராத்திரி முழுக்கப் பாடி ரானியின் தொண்டை கட்டிப்போகும். அவருக்கு ஓய்வு கொடுக்கத்தான் கிட்டார் பகுதியை நீட்டினார்கள். நீட்டிய பகுதியே பாட்டின் உயிராகிவிட்டது! ஆல்பத்தில் 9 நிமிடத்துக்கு மேல் ஓடும். 1976-ல் அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரில் பதிவு செய்த லைவ் ஆல்பத்தில் இன்னும் நீளம்.

அடுத்த முறை கேட்கும்போது கவனியுங்கள். முதல் பாதி மெதுவான காதல் பாட்டு. ஸ்லைடு கிட்டார் பறவை மாதிரி கூவும். பிறகு வேகம் பிடிக்கும். அப்போது வாசிப்பது காலின்ஸ். ஒரே சின்ன வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுவார். 'இதற்கு மேல் போக முடியாது' என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் இன்னொரு படி ஏறும். ரீல்ஸ்காரர்களுக்கு இந்தப் பாட்டு பிடித்ததற்குக் காரணமே அந்த ஏற்றம்தான்.

சர்ச்சையைக் கிளப்பிய அலபாமா

1974-ல் இரண்டாவது ஆல்பம். அதில் 'ஸ்வீட் ஹோம் அலபாமா'. பில்போர்டு பட்டியலில் 8-வது இடம் பிடித்தது. இவர்களின் மிகப்பெரிய சிங்கிள் ஹிட் இதுதான். இத்தனைக்கும் இதை எழுதிய மூவரில் ஒருவர்கூட அலபாமாக்காரர் இல்லை. இருவர் ஃப்ளோரிடா, கிட்டாரிஸ்ட் எட் கிங் கலிஃபோர்னியா!

கனடா பாடகர் நீல் யங், தென்மாநிலங்களின் இனவெறியைக் கண்டித்து இரண்டு பாட்டுகள் எழுதியிருந்தார். 'எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள்' என்ற பதில்தான் இந்தப் பாட்டு. நிறவெறி அரசியலுக்குப் பெயர்போன அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸைப் பற்றியும் ஒரு வரி வரும். அது ஆதரவா, கிண்டலா? அந்த வரிக்குப் பின்னால் கோரஸில் 'பூ' என்று கூச்சல் கேட்கிறதே என்பது பேண்டின் பக்கம். கேட்டவர்கள் பலர் அதை வேறு மாதிரிதான் எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு ஆச்சர்யம், அந்தக் கோரஸில் பாடிய மெர்ரி கிளேட்டன், கிளைடி கிங் இருவருமே கறுப்பினப் பாடகிகள்.

நீல் யங்குக்கும் ரானிக்கும் பகை இருந்ததாகப் பலர் நம்புகிறார்கள். நீல் யங் படம் போட்ட டி-ஷர்ட்டை மேடையிலேயே போட்டுக்கொண்டு வந்தவர் ரானி. நீல் யங்கும் 2012-ல் வெளியான தன் சுயசரிதையில், தன் 'அலபாமா' பாட்டு குற்றம்சாட்டும் தொனியில் எழுதப்பட்டது, அந்தப் பதிலடி தனக்குத் தேவைதான் என்று ஒப்புக்கொண்டார்.

ஆனால், எளிதில் கடந்துபோக முடியாத விஷயம் ஒன்று உண்டு. மேடையில் இவர்களுக்குப் பின்னால் தொங்கிய கான்ஃபெடரேட் கொடி. 1860-களில் அடிமை முறையைக் காப்பாற்ற அமெரிக்காவிலிருந்து பிரிந்து போரிட்ட மாநிலங்களின் கொடி அது. இவர்களுக்கு அது ஊர்ப் பெருமை. விளம்பரத்துக்கு இசை நிறுவனத்துக்கும் வசதியாக இருந்தது. கறுப்பின மக்களுக்கு அது சாட்டையின் ஞாபகம். வெறுப்புக் குழுக்கள் அந்தக் கொடியைக் கைப்பற்றிவிட்டன, அதனால் விட்டுவிடுகிறோம் என்று 2012-ல் ராசிங்டன் ஒரு பேட்டியில் சொன்னார். ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாள்களிலேயே பேச்சை மாற்றிக்கொண்டார். பாட்டை ரசிக்கும்போது இதையும் சேர்த்துத் தெரிந்துகொள்வதுதான் நியாயம்.

அவர்களே எழுதிய எச்சரிக்கை

புகழ் வந்தது. கூடவே குடியும் போதையும். வருடம் முழுக்கச் சுற்றுப்பயணம், அறைகளில் அடிதடி. 1974 கடைசியில் டிரம்மர் பாப் பர்ன்ஸ் விலகினார். 1975-ல் எட் கிங் பாதிச் சுற்றுப்பயணத்தில் கிளம்பிப் போனார். 1976-ல், பேண்டின் கோரஸ் பாடகி கேஸி கெய்ன்ஸ் தன் தம்பி ஸ்டீவை அறிமுகப்படுத்தினார். அசாத்திய கிட்டாரிஸ்ட். பேண்டுக்குப் புது ரத்தம் பாய்ந்தது.

அதே வருடம் செப்டம்பரில் ராசிங்டன் போதையில் புது காரை ஒரு ஓக் மரத்தில் மோதினார். அதே வார இறுதியில் காலின்ஸும் கார் விபத்தில் சிக்கினார். ரானிக்குக் கோபம் தலைக்கேறியது. ராசிங்டனுக்கு பேண்ட் 5,000 டாலர் அபராதம் போட்டது. ரானியும் காலின்ஸும் சேர்ந்து ஒரு பாட்டு எழுதினார்கள். பெயர் 'தட் ஸ்மெல்'. போதையில் ஆடுபவனைச் சுற்றி மரண வாடை வீசுகிறது என்று எச்சரிக்கும் பாட்டு. சொந்த நண்பனை வைத்து எழுதி, அந்த நண்பனையே கிட்டார் வாசிக்க வைத்தார்கள்!

பாட்டு இடம்பெற்ற 'ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ்' ஆல்பம் 1977 அக்டோபர் 17 அன்று வெளியானது. அட்டைப்படத்தில் பேண்ட் தீப்பிழம்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது.

அக்டோபர் 20, 1977

சுற்றுப்பயணத்துக்கு ஒரு விமானத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கான்வேர் 240 ரகம், 30 வயதான விமானம். ஏரோஸ்மித் பேண்டின் ஆட்கள் அதே விமானத்தையும் அதன் பைலட்டுகளையும் முன்பே பார்த்துவிட்டு, 'சரிப்படாது' என்று ஒதுக்கியிருந்தார்கள்.

சில நாள்களுக்கு முன் பறந்தபோது வலது இன்ஜினிலிருந்து நெருப்பு நீளமாகச் சீறியதைப் பயணிகளே பார்த்தார்கள். கேஸி பயந்துபோனார். கருவிகள் ஏற்றும் லாரியில் வந்துவிடுகிறேன் என்றுகூடச் சொன்னார். மற்றவர்கள் சமாதானம் சொல்லி ஏற்றினார்கள். 'இந்த ஒரு ட்ரிப் முடியட்டும், வேற விமானம் பார்த்துக்கலாம்.' யோசிச்சுப் பாருங்க, இந்த மாதிரி ஒரு வாக்கியத்தை நாம் எத்தனை தடவை சொல்லியிருப்போம்?

தென் கரோலினாவின் கிரீன்வில்லிலிருந்து லூசியானாவின் பேட்டன் ரூஜுக்குப் பயணம். உள்ளே 26 பேர். சேருமிடம் நெருங்கும் நேரத்தில் இரண்டு இன்ஜின்களும் நின்றன. எரிபொருள் தீர்ந்துவிட்டது! மிசிசிப்பி மாநிலத்தின் கில்ஸ்பர்க் அருகே காட்டு மரங்களை முறித்துக்கொண்டு விமானம் விழுந்தது. தீப்பிடிக்கவில்லை. எரிவதற்கு டேங்கில் எதுவும் மிச்சமில்லை.

ரானி வான் ஸாண்ட், ஸ்டீவ் கெய்ன்ஸ், கேஸி கெய்ன்ஸ், உதவி மேலாளர் டீன் கில்பாட்ரிக், இரண்டு பைலட்டுகள் என 6 பேர் இறந்தார்கள். ரானிக்கு 29 வயது, ஸ்டீவுக்கு 28. மற்ற 20 பேரும் காயங்களோடு தப்பித்தார்கள். விலா எலும்பு உடைந்த நிலையிலும் டிரம்மர் ஆர்ட்டிமஸ் பைல் காட்டிலும் சேற்றிலும் நடந்து பக்கத்துப் பண்ணைக்குப் போய் உதவி கேட்டார். இருட்டில் ஓடையைக் கடந்து வந்து காப்பாற்றியவர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதி மக்கள்.

விசாரணை அறிக்கை சொன்ன காரணம் இதுதான். வலது இன்ஜின் கோளாறால் வழக்கத்தைவிட அதிக எரிபொருள் செலவானது. அளவை பைலட்டுகள் சரியாகக் கவனிக்கவில்லை. பயணத் திட்டமிடலும் போதவில்லை. புயலும் இல்லை, இடியும் இல்லை. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காததுதான் விஷயம். கிட்டாரில் ஒரு நோட் பிசகினால் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வைத்த பேண்ட், இன்ஜினில் நெருப்பு வந்த விமானத்தில் மறுபடி ஏறியது.

தீப்பிழம்பு அட்டைப்படத்தை மாற்றச் சொல்லி ஸ்டீவின் மனைவி கேட்டார். நிறுவனம் உடனே கறுப்புப் பின்னணியில் வேறு அட்டை போட்டது. ஆல்பம் 5-வது இடம்வரை போனது. அதைக் கொண்டாடப் பேண்டுதான் இல்லை.

பெயர் யாருக்குச் சொந்தம்?

'இனி இந்தப் பெயரைப் பயன்படுத்தவே மாட்டோம்' என்று தப்பித்தவர்கள் முடிவெடுத்தார்கள். 10 வருடம் காப்பாற்றினார்கள். 1987-ல் ரானியின் தம்பி ஜானி வான் ஸாண்டைப் பாடகராக வைத்து அஞ்சலிச் சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். அந்தக் கச்சேரிகளில் 'ஃப்ரீ பேர்ட்' வரும்போது ஜானி பாடவில்லை. காலியான மைக் முன்னால் நிற்க, பேண்ட் வாசிக்க, வரிகளைக் கூட்டம் பாடியது.

காலின்ஸின் கதை இன்னும் கனமானது. 1980-ல் மனைவி கேத்தி இறந்துபோனார். ஆம், அந்த முதல் வரியைத் தந்த அதே கேத்தி. 1986-ல் போதையில் கார் ஓட்டிய விபத்தில் அவர் தோழி இறந்தார். இவருக்கு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. 1987 பயணத்தில் கிட்டாரைத் தொட முடியாமல், சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்து, 'நான் ஏன் வாசிக்கவில்லை தெரியுமா' என்று இளைஞர்களிடம் பேசினார். 1990-ல், 37 வயதில் இறந்தார்.

பெயரை மறுபடி பயன்படுத்தியதற்கு ரானி, ஸ்டீவ் இருவரின் மனைவிகளும் நீதிமன்றம் போனார்கள். 1988-ல் ஒப்பந்தம் எட்டப்பட்டது. பழைய உறுப்பினர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருந்தால்தான் அந்தப் பெயரில் வாசிக்கலாம் என்பது அதில் ஒரு நிபந்தனை. காலம் சும்மா இருக்குமா? ஒவ்வொருவராகப் போனார்கள். 2006-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கிடைத்தது. 2023 மார்ச்சில், கடைசியாக மிஞ்சியிருந்த தொடக்ககால உறுப்பினரான கேரி ராசிங்டனும் காலமானார். இன்று அந்தப் பெயரில் மேடையேறும் குழுவில் 1964-ன் பையன்கள் ஒருவர்கூட இல்லை. ஜானி மட்டும் அண்ணன் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருக்கிறார்.

எங்கிருந்து கேட்கலாம்?

* 'சிம்பிள் மேன்': மகனுக்கு அம்மா சொல்லும் புத்தி. மனசு சரியில்லாத நாளுக்கு.
* 'டியூஸ்டேஸ் கான்': ரயில் பயணத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்க.
* 'சாட்டர்டே நைட் ஸ்பெஷல்': மலிவான கைத்துப்பாக்கிகளுக்கு எதிரான பாட்டு. 1975-லேயே, அதுவும் தென்மாநில பேண்டிடமிருந்து!
* 'தட் ஸ்மெல்': கதை தெரிந்தபிறகு கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.
* 'ஃப்ரீ பேர்ட்': கடைசியாக. முழுசாக. 15 செகண்ட் ரீலாக வேண்டாம்!

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் நிமிடத்திலிருந்து கேட்டுப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே வியர்வையில் குளித்த 20 வயதுப் பையன்கள், தங்களை யாராவது நினைத்துக்கொள்வார்களா என்று கேட்ட பாட்டு அது. 50 வருடம் தாண்டியும் பதில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

அப்புறம் ஒரு விஷயம். கேட்டு முடித்துவிட்டு, சர்வீஸுக்கு விடாமல் 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டிருக்கும் உங்கள் பைக்கின் பிரேக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்!